நாற்பதுக்கு நாற்பது

இலை காய்கிற நேரத்தில் மழை இறங்கினால் சாப்பாரே சீமையில் யாரும் யாருக்கும் மரியாதை பார்ப்பதில்லை. பாதிரியாரே எதிரே வந்தாலும் தள்ளிவிட்டுக் களத்துக்கு ஓட வேண்டியதுதான். கோக்கா இலை அப்படி. ஒரு தூறல் பட்டால் கறுத்துப்போகும். கறுத்த இலையைச் சந்தையில் ஒருத்தனும் சீந்த மாட்டான்.

அந்தத் திங்கட்கிழமை மலைப்பக்கத்திலிருந்து மேகம் திரண்டு வந்தபோது இலாரியா களத்தில் தனியாக இருந்தாள். "பாசிலியோ! யோவ் பாசிலியோ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பதில் இல்லை. ஒற்றை ஆளாகத் துடைப்பத்தால் இலையைக் கூட்டி, தார்ப்பாயில் அள்ளி, கொட்டகைக்குள் இழுத்துப் போட்டு முடித்தாள். பாழாய்ப்போன மழை நாலு துளி போட்டுவிட்டு ஆற்றுப் பக்கமாகப் போய்விட்டது. வீணாக ஓடவைத்த மழை மேல் பாதி, வராத புருஷன் மேல் பாதி என்று கோபத்தைப் பிரித்துக்கொண்டு அவள் அவனைத் தேடிப் போனாள்.

ஆரஞ்சு மரங்களுக்கு அந்தப் பக்கம், மரவள்ளிக்கு நடுவே குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தான் பாசிலியோ. ஆள் உயரத்துக்கு வளர்ந்த மரவள்ளி. அதன் நிழலில், முழங்கால் உயரத்தில், வரிசை பிடித்தாற்போல வேறு ஒரு செடி நின்றது.

"என்ன இது?"

"மரவள்ளி."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு பாசிலியோ. மரவள்ளிக்குக் கீழ என்ன இது?"

அவன் நிமிர்ந்தான். மெல்லுவதற்குக் கன்னத்தில் அடக்கியிருந்த கோக்கா இலையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினான். பொய் சொல்ல நேரம் வாங்குகிறான் என்று இருபத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா?

"சரி, கோக்காதான். பதினோரு வரிசை. எண்ணிக்கோ, ஒண்ணுகூட அதிகமில்ல. பிப்ரவரி வெள்ளத்துல ஆறு எத்தனை வரிசை தின்னுச்சு? பதினொண்ணு. கிழக்கால போனதை மேற்கால வெச்சேன். அப்பவும் நாப்பதுக்கு நாப்பது, இப்பவும் நாப்பதுக்கு நாப்பது. இதுல என்ன தப்பு?"

"எல்லைக் கல்லு எங்க இருக்கு?"

"கிழக்கால இருந்த ரெண்டு கல்லும் ஆத்தோட போச்சு. மேற்கால ரெண்டும் அந்தா, ஆரஞ்சு மரத்தடியில நிக்குது."

"செடி எங்க இருக்கு?"

செடி கல்லுக்கு வெளியே இருந்தது.

இந்தச் சீமையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காத்தோ. நாற்பது மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலம், மீட்டருக்கு ஒரு வரிசை. அதற்குள் கோக்கா வைக்கலாம். மற்ற நிலத்தில் வாழை வை, அன்னாசி வை, குளம் வெட்டி மீன் வளர்த்துக்கொள். கோக்கா ஒரு வரிசை கூடினாலும் விவசாயிகள் சங்கமே வந்து காத்தோ முழுவதையும் வேரோடு பிடுங்கிவிடும். ஒரு வருஷத்துக்கு மறுபடி நடக்கூடாது. பேருக்குத்தான் ஒரு வருஷம். அப்புறம் நட்டு இலை கிள்ள இன்னொரு வருஷம் ஆகும். இடம் மாற்றி வைப்பதும் கூடுதல் கணக்குத்தான். மாற்ற வேண்டுமென்றால் மனு எழுதிப் போட வேண்டும், நகரத்து அலுவலகத்திலிருந்து பொறியாளர் வந்து புதுக் கல் நட வேண்டும். மனுவை மார்ச் மாதமே இலாரியா தன் கையால் எழுதிப் போட்டாள். அக்டோபர் வந்துவிட்டது. பொறியாளர் எந்தப் பாலத்தில் மாட்டிக்கொண்டாரோ தெரியவில்லை.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கத்தில் அளவுச் செயலாளரே அவள்தான். ஐம்பத்தியாறு குடும்பத்தின் காத்தோவையும் வருஷம் ஒருமுறை நாடா பிடித்து அளக்கிறவள். ஊரில் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு நாடாக்காரி என்று பெயர். அவளுக்கும் அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமைக்குக் காரணமும் உண்டு. இந்த நாற்பதுக்கு நாற்பது வருவதற்கு முன்னால், இந்த இலையில் போதைத்தூள் காய்ச்சுகிறார்கள் என்று சொல்லிப் பட்டாளம் வந்து பிடுங்கிக்கொண்டிருந்தது. செடியோடு போனால் பரவாயில்லை. பாலத்தடியில் மறியல் நடந்த அன்று அவள் அண்ணன் லாசரோவின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. வாழைக்குலை ஏற்றுகிற வண்டியில் அவனைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் போய்விட்டான். அதற்கப்புறம்தான் மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு புத்தி வந்து, நீங்களே அளந்துகொள்ளுங்கள், நீங்களே கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். எவனாவது கோட்டைத் தாண்டினால் அதைச் சாக்காக வைத்து மறுபடி பட்டாளம் வரும் என்பது இலாரியாவின் பயம். அந்தப் பயத்தில்தான் அளவில் கறாராக இருந்தாள்.

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ எழுதியிருப்பே. எழுதாம விட்டா உனக்குத் தூக்கம் வராது. ரெண்டும் வேண்டாம்னு பாத்தேன்."

"எட்டு மாசமா மரவள்ளி மரவள்ளின்னு..."

"மரவள்ளியும்தான் இருக்கே. நேத்து சூப்புல சாப்பிட்டியே, எப்படி இருந்துச்சு?"

சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரிக்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் நிலக்கடலை சூப்பும் உப்புக்கண்டமும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வியாழக்கிழமை அவர்கள் காத்தோவை அளக்கிற நாள். அதைப் பேசாமல் உப்பு கூடிப்போச்சு, மழை பிந்திப்போச்சு என்று கொஞ்ச நேரம் ஒப்பேற்றினார்கள். பாசிலியோதான் ஆரம்பித்தான்.

"நாளைக்கே அந்தப் பதினோரு வரிசையையும் நான் பிடுங்கிடறேன். குழியில மரவள்ளிக் குச்சி சொருகிடறேன். வியாழக்கிழமை வந்து அளக்கட்டும். இருபத்தொம்பது வரிசை. குறைவா இருந்தா யாரு என்ன கேக்கப்போறா? திலியா படிப்பும் ஓடும்."

திலியா அவர்களின் ஒரே மகள். கொச்சபாம்பாவில் நர்ஸ் படிப்பு, இரண்டாம் வருஷம். மீன்குளம் வீட்டுச் சாப்பாட்டுக்கு, வாழை வண்டிக்கூலிக்கு, கோக்காதான் திலியாவுக்கு. காத்தோ போனால் திலியா பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான். இலாரியா சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"சரி, பிடுங்கலாம். நானும் வரேன்."

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் போனார்கள். இளஞ்செடி, ஈர மண். பிடித்து இழுத்தால் வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு செடி பிடுங்கினாள் இலாரியா. ஏழாவதைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" என்றான் பாசிலியோ.

"ஒரு நாள் குடுன்னு கேட்டான் இல்ல?"

"யாரு?"

"உர்பானோ."

பாசிலியோ மண்வெட்டியைக் கீழே போட்டான். "அட கடவுளே, இப்ப அவன் எதுக்கு?"

உர்பானோ பக்கத்து நிலத்துக்காரன். அவன் மகள் ரெய்னாவுக்கு ஞானஸ்நானத்தில் இலாரியாவும் பாசிலியோவும்தான் ஞானப்பெற்றோர். அதனால் கொம்பாதிரி, கொம்மாதிரி என்று கூப்பிட்டுக்கொண்ட உறவு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் காத்தோவில் மூன்று வரிசை கூடுதலாக இருந்தது. பெண்டாட்டி பெலிப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். அந்தச் செலவுக்காக வைத்துவிட்டான். நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற இலாரியாவிடம், "கொம்மாதிரி, ஒரே ஒரு நாள் குடு. மூணு வரிசையையும் நானே பிடுங்கிடறேன்" என்றான். "இன்னிக்கு உனக்கு ஒரு நாள்னா நாளைக்கு ஊருக்கே ஒரு நாள் குடுக்கணும்" என்றாள் அவள். அன்று மத்தியானமே சங்கத்து ஆட்கள் முப்பது பேர் இறங்கி நாற்பத்து மூன்று வரிசையையும் பிடுங்கிவிட்டார்கள். வேலைக்கு வந்தவர்களுக்கு நிலத்துக்காரன் வீட்டில் சாப்பாடு போடுவது வழக்கம். நடவோ பறிப்போ பிடுங்கலோ, வழக்கம் வழக்கம்தான். தையல் பிரிக்காத வயிற்றோடு பெலிப்பா முப்பது பேருக்கும் சோறு வடித்துப் போட்டாள். இலாரியாவும் அதில் சாப்பிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த ரெய்னா, கொச்சபாம்பாவில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். உர்பானோ அன்றோடு கொம்மாதிரி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். வழியில் பார்த்தால் "வணக்கம், செயலாளரம்மா" என்பான். ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும் அவளுக்கு. சட்டம் சட்டம்தானே என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

"அவனுக்குக் குடுக்காத ஒரு நாளை எனக்கு நானே குடுத்துக்கறேன்" என்றாள் இலாரியா. பிடுங்கிப் போட்ட ஆறு செடியையும் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அவன் பேராசையில வெச்சான். நமக்கு ஆறு தின்னுடுச்சு. ரெண்டும் ஒண்ணா?"

"பெலிப்பா வயித்தைக் கிழிச்சது பேராசையா?"

பாசிலியோ தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "உன் நேர்மையை நல்லா அரைச்சு சூப்புல போடு. திலியா வந்ததும் அவளுக்கும் ரெண்டு கரண்டி ஊத்து!" என்று கத்திவிட்டுக் குளத்துப் பக்கம் போனான். போனவன் அன்று முழுக்க மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். அந்த மீன்கள் அப்படி ஒரு நாள் சாப்பிட்டிருக்காது.

வியாழக்கிழமை அளவுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். சங்கத் தலைவர் செராப்பியோ, தடித்த ஆள், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். இன்னொருவன் உர்பானோ. அந்த வருஷம் நாடா பிடிக்கச் சீட்டுக் குலுக்கியதில் அவன் பேர் வந்திருந்தது. யார் செய்த வேலையோ.

"வணக்கம், செயலாளரம்மா."

"வா உர்பானோ. ஆத்துப் பக்கம் பிடி."

கரை இடிந்து நின்ற விளிம்பில் உர்பானோ நாடாவை வைத்தான். இலாரியா மேற்குக் கல் வரை இழுத்துக்கொண்டு வந்தாள். இருபத்தொன்பது. செராப்பியோ எழுதிக்கொண்டார். "பாவம், ஆறு நல்லாத் தின்னுருக்கு. சரி, முடிஞ்சுது. குடிக்க ஏதாச்சும் குடும்மா."

"முடியல தலைவரே. நாடாவை விட்டுடாதீங்க. இன்னும் போகணும்."

மரவள்ளியை விலக்கிக் காட்டினாள். செராப்பியோ எட்டிப் பார்த்தார். பார்க்காத மாதிரி தலையை வெளியே எடுத்துக்கொண்டார். பாசிலியோ தூரத்தில் ஆரஞ்சு மரத்தில் சாய்ந்து நின்றான்.

"ஏம்மா, மொத்தம் எவ்வளவு?"

"நாப்பது. கல்லுக்கு வெளிய பதினொண்ணு."

"நாப்பதுதானே? அப்ப நாப்பதுன்னு எழுதிட்டுப் போறேன். மனு போட்டிருக்கே. பொறியாளன் வராதது உன் குத்தமா? உன் காத்தோவிலேயே தப்புன்னு வெளிய போச்சுன்னா பக்கத்துச் சங்கத்துக்காரன் எல்லாம் நம்ம மூஞ்சிக்கு நேரா சிரிப்பான். கொஞ்சம் யோசனை பண்ணும்மா."

"வானத்துலேர்ந்து படம் எடுக்கறாங்க தலைவரே. கல்லுக்கு வெளிய பச்சை தெரிஞ்சா மொத்தச் சங்கத்துக்கும் கேடு."

"அந்தப் படத்துல மரவள்ளி எது, கோக்கா எதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள உனக்குப் பேரன் பொறந்துடுவான்."

செராப்பியோ உர்பானோவைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்றே? நாடா உன் கையில இருக்கு."

உர்பானோ பையிலிருந்து நாலு இலை எடுத்தான். நரம்பைக் கிழித்து, ஒரு சிட்டிகை சோடா உப்பு வைத்துக் கன்னத்தில் அடக்கினான். அவசரமே இல்லை அவனுக்கு.

"எனக்கு உங்க செடி வேண்டாம், செயலாளரம்மா. பிடுங்கிப் பாத்து எனக்கு என்ன ஆகப்போகுது? ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கில்ல. அங்க எழுந்து நின்னு, உர்பானோவுக்கு ஒரு நாள் குடுத்திருக்கணும், குடுக்காதது என் தப்புன்னு சொல்லுங்க. அது போதும். இந்த நாடாவை இங்கேயே சுருட்டிடறேன்."

ஆரஞ்சு மரத்தடியிலிருந்து பாசிலியோ நாலு எட்டில் வந்துவிட்டான். "சொல்லிடு இலாரியா. வாய்வார்த்தைதானே!"

ஒரு வாக்கியம். சொல்லிவிட்டால் காத்தோ நிற்கும், மகள் படிப்பு நிற்காது. அதுவும் பொய்யைச் சொல்லச் சொல்லவில்லை அவன். ஆறு செடி பிடுங்கிய அன்றே அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் செடிக்கு விலையாக அதைச் சொன்னால் உர்பானோவுக்கு மறுபடி ஒரு முறை துரோகம் பண்ணின மாதிரி ஆகிவிடாதா?

"முதல்ல செடி போகட்டும்" என்றாள். "அப்புறம் சொல்றேன்."

உர்பானோ சிரித்துவிட்டான். "செடி போனப்புறம் சொல்லணும்னு உங்களுக்கு என்ன கட்டாயம்?"

"கட்டாயம் இல்லாம சொன்னாத்தான் நீ நம்புவே."

சிரிப்பு நின்றது. அவன் நாடாவைப் பிடித்துக்கொண்டு மரவள்ளிக்குள் நடந்தான். "நாப்பது" என்று அங்கிருந்து குரல் கொடுத்தான். "பதினொண்ணு வெளியே. எழுதிக்கோங்க தலைவரே."

அன்று சாயங்காலம் இலாரியா மகளுக்குப் போன் போட்டாள். குளத்து மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும்.

"ஆத்து மேல ஒரு கேஸ் போடும்மா" என்று திலியா முதலில் சிரித்தாள். அப்புறம் மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "டிசம்பர் வரைக்கும் கட்டியாச்சு. பரீட்சை எழுதிட்டு வந்துடறேன்."

"ரெண்டு வருஷந்தான் கண்ணு. திரும்பப் போகலாம்."

"ரெய்னாவும் அப்படித்தாம்மா நெனச்சா. ஞாயித்துக்கிழமைல நான் அவளைப் பாக்கப் போவேன். உனக்குத் தெரியுமா? ரெண்டு வருஷத்துல ஞானத்தாய்ட்டேருந்து ஒரு போன் வரலைன்னு ஒருநாள் சொன்னா. குறை சொல்லல. சும்மா சொன்னா."

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் இலாரியா.

வெள்ளிக்கிழமை சங்கத்து ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பில் இரண்டு பெரிய அண்டா ஏற்றி, குளத்தில் பிடித்த மீனைப் பொரித்து, சோறு, மரவள்ளி, மிளகாய்த் துவையல் என்று முப்பது பேருக்கும் ஆக்கினாள். கடப்பாரைச் சத்தம் கேட்கக் கேட்க வெங்காயம் நறுக்கினாள். கண்ணைத் துடைக்க வெங்காயம் ஒரு சாக்கு. பிடுங்கலை ஆரம்பித்ததே பாசிலியோ. பன்னிரண்டு வருஷச் செடி, அவன் வைத்தது. "மத்தவன் கை படறதுக்கு முன்னால நான் ஒரு வரிசை எடுத்துக்கறேன், தள்ளுங்கடா" என்று இறங்கினான். ஒரு வரிசை என்றவன் ஆறு வரிசை பிடுங்கினான். சாப்பிட உட்கார்ந்தபோது அவன் கை கொப்புளமாக இருந்தது. இலாரியா பெரிய மீனாக எடுத்து அவன் தட்டில் வைத்தாள். உர்பானோவும் சாப்பிட்டான். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தகரக் கூரைக்கடியில் ஐம்பத்தியாறு குடும்பமும் இருந்தது. சாலை, மோட்டார், மீன்குஞ்சு எல்லாம் பேசி முடிந்தபின் இலாரியா எழுந்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னால உர்பானோ ஒரு நாள் கேட்டான். குடுத்திருக்கணும். குடுத்திருந்தா மூணு வரிசையோட போயிருக்கும். சட்டத்துல அதுக்கு இடம் இருந்துச்சான்னு நான் உங்க யாரையும் கேக்கவே இல்ல. இல்லைன்னு நானே சொல்லிட்டேன். லாசரோ செத்ததை நெனச்சு நெனச்சு, கண்ணு முன்னால நின்ன மனுஷனை நான் பாக்கல. தப்பு என்னோடது."

பின்வரிசையில் ஒருத்தி, "தன் காத்தோ போனதும் ஞானம் வந்துடுச்சு பாரு" என்றாள். "ஆமா, போனதும்தான் வந்துச்சு" என்றாள் இலாரியா.

இனிமேல் கூடுதல் கண்டால் தானாகப் பிடுங்க மூன்று நாள் தரலாமா என்று செராப்பியோ கேட்டார். கை தூக்கினார்கள். நிறையக் கை. பழையதற்கு இது பொருந்தாது, இனிமேல்தான் என்றும் தீர்மானம். பதிவுப் புத்தகம் எழுதுவது இலாரியாவின் வேலை. அவள் சொன்னதையும் அவளேதான் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

கூட்டம் கலைந்தது. உர்பானோ போகாமல் மேஜைக்கு எதிரே வந்து நின்றான்.

"படிங்க."

அவள் படித்தாள். "உர்பானோவுக்கு ஒரு நாள் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதது அளவுச் செயலாளர் இலாரியாவின் தவறு." அவன் தலையைக் குனிந்து கடைசி வார்த்தை வரை கேட்டான்.

"தேதி என்ன போட்டிருக்கு?"

"இன்னிக்குத் தேதி."

"நான் ஒரு நாள் கேட்டேனே, அன்னிக்குத் தேதியைப் போடேன். ஆகஸ்ட் பதினாலு. அப்ப ரெய்னா பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா."

பேனா தாளுக்கு மேலே நின்றது. "அப்படிப் போட முடியாது உர்பானோ."

"தெரியும்" என்றான் அவன். "கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டேன்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தான்.